பாறைக்குப் பின்னால் நின்றுபோன தண்ணீர்: கும்பகோணத்து உப்புநீர்த் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் கடைசி வாரம். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, தண்ணி மாத்தி மாத்தி கை ஓஞ்சுபோச்சு. நைட்ரேட்டு எறங்கவே மாட்டேங்குது. நத்தையெல்லாம் ஒண்ணொண்ணா விழுது. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்களேன்." தீனியும் மீன் கழிவும் அழுகிக் கடைசியில் தண்ணீரில் மிஞ்சுவதுதான் நைட்ரேட்.

பாத்திரக் கடைக்காரர் வீட்டில் நத்தை சாகிறது என்றதும் எனக்கு முதலில் செம்பின் மேல்தான் சந்தேகம். மீன் தாங்குகிற அளவு செம்பை நத்தையும் இறாலும் தாங்காது. பித்தளை மெருகேற்றிய கையோடு தொட்டிக்குள் கைவிட்டிருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். போனதும் செய்த முதல் சோதனை செம்புதான். நிறமே மாறவில்லை. அண்ணன் சிரித்தார். "கடையில இருந்து வந்தா குளிச்சிட்டுத்தான் தொட்டிப் பக்கமே போவேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 255 லிட்டர். பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்து, கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டியில் நிற்பதைக் கூட்டினால் சுற்றுகிற தண்ணீர் சுமார் 230 லிட்டர். இரண்டு அங்குல மணல், 30 கிலோ பாறை. பாறை, கடலிலிருந்து உயிர்களோடு எடுக்கிற உயிர்ப்பாறை அல்ல, காய்ந்த சுண்ணாம்புப் பாறை. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறை எடுப்பது குற்றம். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அண்ணன் இதில் சுத்தமான ஆள், பவளம் எதுவும் வளர்க்கவில்லை. ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் துறவி நண்டு, மிச்சமிருந்த நாலு நத்தை, அப்புறம் ஃபாக்ஸ்ஃபேஸ் என்கிற மஞ்சள் மீன் ஒன்று. நம் கடற்கரையில் ஓரா என்பார்களே, அந்தக் குடும்பம். அரையடிக்கு வளர்ந்திருந்தது. நாலடித் தொட்டிக்கு அது அதிகப்படி. வாங்கும்போது விரல் நீளம் இருந்ததாம். எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

உப்படர்த்தி 1.025, பி.எச். 8.2, வெப்பம் 29 டிகிரி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம், பாஸ்பேட் 0.9. நைட்ரேட் சோதனைக் குப்பி இவ்வளவு சிவந்தால் கண்ணால் மதிப்பிட முடியாது. தொட்டித் தண்ணீரில் ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபாதி கலந்து சோதித்து, வந்ததை இரட்டித்தேன். பாறை மணலைத் தொடும் கோடு நெடுக ஊதாச் சிவப்பில் வழவழவென்று ஏடு படர்ந்திருந்தது. பாசி என்று சொல்கிறோம், உண்மையில் அது பாக்டீரியா. பின்பக்கம்தான் அதிகம்.

போகியில் தொடங்கியது

நோய்க்கு மருந்து கேட்கிறவர்கள் கதையை முழுசாகச் சொல்வதில்லை. அண்ணி காபியோடு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணேன். இவரு தொட்டியைச் சுத்தம் பண்றேன்னு உக்காந்தாரு. மறுநாள் பொங்கலன்னிக்கு நீலக் குஞ்சு மீனு மூணும் மெதந்துது."

ஜனவரியில் அண்ணன் செய்தது இது. முன்வரிசைப் பாறைகளை எல்லாம் ஒரே நாளில் வெளியே எடுத்திருக்கிறார். குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். முன்பக்க மணலைக் கையால் கிளறிவிட்டிருக்கிறார். பின்னால் இருந்த பெரிய பாறையை மட்டும் கனமாக இருந்ததால் அசைக்கவில்லை. கிளறிய அழுக்கில் பாதியை உறிஞ்சி எடுத்தார். மீதி எங்கே போகும்? ஓட்டம் இல்லாத இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு முன்பாறைகளைப் பெரிய பாறையோடு இடைவெளி விடாமல் சேர்த்து அடுக்கியிருக்கிறார். "மலை மாதிரி தெரியணும்னு தம்பி." பார்க்க மலை மாதிரிதான் இருந்தது. தண்ணீருக்கு அது அணைக்கட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. அக்டோபர் வரைக்கும் தரங்கம்பாடியிலிருந்து கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகும் இரண்டு நடை. அந்த மாதங்களில் ஆறுகளெல்லாம் கடலில் கொட்டுவதால் கரையோரத் தண்ணீர் உப்புக் குறைந்து, தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். தெளியவைக்காமல் ஊற்றியிருக்கிறார். கும்பகோணத்தைத் தாண்டிப்போன வண்டல் கேனில் ஏறிக் கும்பகோணத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. டிசம்பருக்குப் பிறகுதான் உப்புத்தூளுக்கும் ஆர்.ஓ. தண்ணீருக்கும் மாறினார்.

தீனிக் கணக்கு

வாரத்துக்குக் கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறார். 80 இருந்தது 60 ஆகிறது. அடுத்த வாரம் சோதித்தால் மறுபடி 80. அதாவது வாரத்துக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், 230 லிட்டருக்கு 4.6 கிராம் நைட்ரேட் எங்கிருந்தோ வருகிறது. புதுத் தண்ணீரைத் தனியே சோதித்தேன், அதில் இல்லை. "தீனியைப் பாதியாக் கொறைச்சிட்டேன், ஒரு மாசமாச்சு" என்றார். கடையிலிருந்து சின்னத் தராசை வரவழைத்து அவர் போடுகிற அளவை எடை போட்டோம். ஒரு நாளைக்கு 1 கிராம்.

டப்பாவில் புரதம் 45 சதவீதம் என்று போட்டிருந்தது. வாரத்துக்கு 7 கிராம் தீனியில் புரதம் 3.15 கிராம். அதை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் ஏறக்குறைய அரை கிராம். அவ்வளவும் நைட்ரேட்டாக மாறினால்கூட 4.43 மடங்கு, அதாவது 2.2 கிராம். மீன் உடம்பில் சேர்வதையும் நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எடுப்பதையும் கழிக்காமலே இந்தக் கணக்கு. ஆக, வருகிற நைட்ரேட்டில் பாதிக்கு மேல் இன்றைய தீனியிலிருந்து வரவில்லை. பழைய பாக்கி எங்கோ உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுகிக்கொண்டிருக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தோம். என்னைக் கேட்டால் பாறையடிக் கசடைப் பார்க்க ராத்திரிதான் சரியான நேரம். பக்கவாட்டுக் கண்ணாடியில் டார்ச்சை ஒட்டிப் பிடித்து, பெரிய பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே பார்த்தேன். ஒரு விரல் நுழைகிற சந்து. உள்ளே ஃபாக்ஸ்ஃபேஸ் தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் மஞ்சளாக இருந்த மீன் ராத்திரியில் திட்டுத் திட்டாகப் பழுப்படித்து, செத்த மீன் மாதிரி சாய்ந்து கிடந்தது. அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தூங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அமைதிப்படுத்தினேன். வயிற்றுக்கு நேர் கீழே ஒன்றரை அங்குல உயரத்துக்குக் குவியல். மேலே டிகாக்‌ஷன் இறக்கியபின் ஃபில்டரில் நிற்கிற மண்டி நிறம், கண்ணாடியோடு ஒட்டிய அடிப்பக்கம் கன்னங்கரேல். நாள் முழுக்கப் பாசி மேய்கிற மீனுக்கு மூன்று வருஷமாகப் படுக்கையும் கழிப்பறையும் அதே சந்துதான்.

60 மில்லி சிரிஞ்சில் காற்றுக் குழாயைச் சொருகி அந்தக் குவியலை லேசாக ஊதினேன். கிளம்பிய தூசி எங்கே போகிறது என்று பார்த்தால் ஓட்டம் எப்படி என்று தெரிந்துவிடும். ஒரு சாண் எழும்பி, தயங்கி, அதே இடத்தில் மெதுவாக இறங்கியது. முன்பக்கம் அதே மாதிரி ஊதினால் மூன்று நொடியில் மேலேறி, வழிகிற பல்லுக்கு, அதாவது சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் பெட்டியின் பல் போன்ற விளிம்புக்குப் போனது. தொட்டியில் பம்பு பலம் குறைவு என்று சொல்ல முடியாது. வேவ்மேக்கர் என்கிற, ஓட்டம் தரும் பம்பு மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுகிறது. ஆனால் அது முழுக்க முன்கண்ணாடியில் முட்டித் திரும்புகிறது.

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வளைவில் உள்பக்கம்தான் மண் சேரும். மதகடியில் ஓட்டம் மட்டுப்படும் இடத்தில் மேடு தட்டும். 19ஆம் நூற்றாண்டில் கல்லணையில் மணற்போக்கிகள் வைத்ததும், ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியதும் இந்த மணல் தொல்லை பொறுக்காமல்தான். ஒரே வித்தியாசம், வாய்க்காலைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் காயவிட்டுத் தூர்வாரலாம். மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை அவகாசம் உண்டு. இங்கே தண்ணீரும் நிற்கக் கூடாது, மீனும் உள்ளேயே இருக்க வேண்டும்.

இரண்டு பாட்டில்

கசடு என்றாலே விஷம் என்று ஒரு கட்சி. தொடவே கூடாது, அதில் உயிர் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. எடுப்பதற்கு முன்னால் எந்தக் கசடு என்ன செய்யும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

முன்பாறை அடியிலிருந்து ஒரு சிரிஞ்ச், பின்சந்திலிருந்து ஒரு சிரிஞ்ச் எடுத்தேன். ஒரு லிட்டர் புது உப்புத்தண்ணீர் ஊற்றிய இரண்டு பாட்டிலில் தனித்தனியே விட்டு, காற்றுக்கல் போட்டு, சமையல்கட்டு மேடையில் வைத்தோம். அண்ணி முகத்தைச் சுளித்தார். பின்சந்து பாட்டிலைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். காற்றுப் போகாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் கடல்தண்ணீரில் இருக்கும் சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடு ஆக்கும். கறுப்பு நிறமும் அதன் வேலைதான், இரும்போடு சேர்ந்து கறுக்கிறது.

மறுநாள் அதே நேரம் சோதித்தோம். முன்பாறைப் பாட்டிலில் அம்மோனியா தெரியவில்லை. தண்ணீர் தெளிந்து, அடியில் பழுப்பாக ஒரு படலம். டார்ச் அடித்தால் அதில் கோப்பிபாட் என்கிற இறால் வகைச் சிற்றுயிர்கள் வெள்ளைப் புள்ளிகளாக ஓடின. அது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, அழுகுவதற்கு இனி அதிகம் மிச்சமில்லை. பின்சந்துப் பாட்டிலில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. முன்னால் இருப்பது அழகுப் பிரச்சினை, அவசரமில்லை. பின்னால் இருப்பதை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் ஒரே நாளில் எடுத்தால் போகி திரும்ப வரும்.

எடுத்த விதம்

வாரம் ஒரு முறை, மொத்தம் ஐந்து தவணை. ஒவ்வொரு தவணைக்கும் 45 லிட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அவ்வளவுக்குப் புதுத் தண்ணீரை முந்தின நாளே கலக்கி, காற்று ஓடவிட்டு வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் இன்னொரு 60 லிட்டரை நீல டிரம்மில் தயாராக வைத்தோம். "அது எதுக்கு தம்பி வெட்டியா?" என்று கேட்டார். இரண்டாம் தவணையில் பதில் கிடைத்தது.

அரை அங்குலக் குழாயின் நுனியில் ஓரடி பி.வி.சி. துண்டு. சந்தின் நீளத்தில் ஒரு சாண் மட்டும் ஒரு தவணைக்கு. எல்லா பம்பையும் நிறுத்திவிட்டு, குழாய் நுனியைக் குவியலுக்கு அரை அங்குலம் மேலே பிடித்தால் கசடு தானாக எழும்பி உள்ளே போகும். குத்தினால் கலங்கும். பொறுமை இல்லாதவர்கள் குத்துவார்கள். ஃபாக்ஸ்ஃபேஸின் முதுகு முள்ளில் விஷம் உண்டு, கைக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை. முதல் நாள் பத்து நிமிஷத்தில் 45 லிட்டரும் முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்து அம்மோனியா சோதித்தோம், ஒன்றுமில்லை.

முதல் நாள் வாளியை அண்ணி கொல்லையில் வாழைக்கு ஊற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 45 லிட்டரில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. அந்த வாழை அத்தோடு சரி. வாய்க்காலிலும் விடக் கூடாது, சாக்கடைக்குத்தான்.

இரண்டாம் தவணையில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். கத்திரி வெயில் தொடங்கிய வாரம். முதல் நாள் சுலபமாக முடிந்ததில் எனக்குத் தலைக்கனம். பெரிய பாறையை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினால் குழாய் நன்றாக நுழையுமே என்று அண்ணனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கினேன். பாறைக்கு அடியில் இருந்தது சந்தில் இருந்ததைவிட மோசம். மை கொட்டின மாதிரி கறுப்பு புகைந்து தொட்டி முழுக்கப் பரவியது. ஐந்து நிமிஷத்தில் கோமாளி மீன் இரண்டும் மேற்பரப்பில் வாய் பிளந்தன.

29 டிகிரி உப்புத்தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். கறுப்புச் சேறு கலங்கினால் அதிலுள்ள சல்பைடு முதலில் அதைத்தான் பிடுங்கும். அம்மோனியா 0.5 காட்டியது. நன்னீர்த் தொட்டிக்காரருக்கு 0.5 பெரிதாகத் தோன்றாது. பி.எச். 7-இல் அதில் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8.2-இல், இந்த வெப்பத்தில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீன்களை வலையில் எடுக்காமல் ஒரு டப்பாவில் முகந்து டிரம்முக்கு மாற்றினோம். ஃபாக்ஸ்ஃபேஸை அண்ணன்தான் பிடித்தார், என்னை நம்பவில்லை. பம்பை எல்லாம் ஓடவிட்டு, இரண்டு காற்றுக்கல் போட்டு, சம்ப்பில் கரி வைத்து, அழுக்கை வடிகட்டும் துணிச் சாக்கை மணிக்கு ஒரு முறை மாற்றினோம். மறுநாள் மத்தியானம் அம்மோனியா இறங்கிய பிறகுதான் மீன் திரும்பத் தொட்டிக்குள் போனது. எதுவும் சாகவில்லை. அந்தப் புண்ணியம் அவர் வெட்டி என்று சொன்ன டிரம்முக்கு.

அந்த வாரமே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் வந்தது, காலை 9 முதல் மாலை 5 வரை. இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும்தான் இருந்தன, தொட்டி இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு வேவ்மேக்கருக்கு மட்டும் லைன் இழுக்க வைத்தேன். 2018 நவம்பர் கஜா புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் என் சொந்தத் தொட்டி போனதிலிருந்து இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

மூன்றாவதும் நான்காவதும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் முடிந்தன.

ஐந்தாம் தவணையில் பாறையை மறுபடி தூக்கினோம், இந்த முறை மீனை முன்கூட்டியே டிரம்மில் விட்டுவிட்டு. அடியில் ஓரங்குல பி.வி.சி. குழாயை நாலு அங்குலத்துக்கு வெட்டி மூன்று கால்கள், எபாக்சி வைத்து ஒட்டினோம். கால்கள் அடிக்கண்ணாடியில் நிற்கின்றன. மணல் இரண்டு அங்குலம், அதற்கு மேல் இரண்டு அங்குலம் காலி. மூன்று கால் போதும், நாலு வைத்தால் ஒன்று ஆடும். மூன்று கல் அடுப்பு மாதிரி. பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே நாலு விரல். முன்பாறைகளைப் பிரித்து, இடையில் வழி விட்டு வைத்தோம். பழைய வேவ்மேக்கரைக் கீழே இறக்கி, பின்கண்ணாடியை ஒட்டி நெடுக ஓடும்படி திருப்பினேன். இப்போது தண்ணீர் பின்னால் ஒரு திசையில் போய், முன்னால் மறுதிசையில் திரும்பி வருகிறது. சிரிஞ்சால் ஊதினால் தூசி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வழிகிற பல்லில் விழுகிறது.

அண்ணனுக்கு மலை போனதில் வருத்தம். "இப்ப நாலு கல்லு நிக்கிற மாதிரி இருக்கு." இருக்கத்தான் செய்தது.

அவருக்குக் கொடுத்த வேலை அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் சிரிஞ்சால் ஒவ்வொரு பாறைக்கு அடியிலும் ஊதிவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்து சாக்கை மாற்ற வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். சாக்கை மூன்று நாளைக்கு ஒரு முறை கழற்றித் துவைக்க வேண்டும். முன்பு மூன்று வாரம் அப்படியே தொங்கவிட்டிருந்தார். சாக்கில் பிடித்த அழுக்கும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, அங்கேயும் அழுகும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு

ஐந்து தவணை முடிந்தபோது நைட்ரேட் 50. அண்ணன் எதிர்பார்த்தது பத்து. "இவ்ளோ பாடுபட்டு அம்பதா?" என்றார். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், புதிதாக வருவதும் சேரும். வேகம் அவ்வளவுதான். மாற்றிய மறுவாரம் திரும்ப ஏறுகிற அளவைப் பாருங்கள் என்றேன். முன்பு 20 ஏறியது, இப்போது 5. ஆடிப்பெருக்கு வாரத்தில் 30-க்கு வந்தது.

பாஸ்பேட் 0.9-லிருந்து 0.5 வரை இறங்கி அங்கேயே நிற்கிறது. சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறையக் குறைய அவை திரும்ப விடும். மூன்றரை வருஷத்துச் சேமிப்பு, மூன்று மாதத்தில் தீராது. ஊதா ஏடு பின்பக்கம் போய்விட்டது, முன்னால் இடது மூலையில் ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் இருக்கிறது. ஜூன் கடைசியில் புதிதாக விட்ட பத்து நத்தையில் ஒன்பது உயிரோடு கண்ணாடி மேய்கின்றன.

சம்ப்பின் இரண்டாவது அறையில் அரை அங்குலம் கசடு படிந்துதான் இருக்கிறது. எடுக்கட்டுமா என்று கேட்டார். ஒரு பாட்டில் எடுத்து ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அம்மோனியா இல்லை, நாற்றம் இல்லை, முழுக்கக் கோப்பிபாட். அப்படியே விட்டிருக்கிறோம்.

ஃபாக்ஸ்ஃபேஸுக்குத்தான் கோபம். பழைய சந்தில் இப்போது ஓட்டம் பலமாக இருப்பதால் படுக்க முடியவில்லை. பத்து நாள் ராத்திரியெல்லாம் இடம் தேடி அலைந்ததாம். இப்போது வலதுபக்கப் பாறைக்கும் வழிகிற பெட்டிக்கும் நடுவே படுக்கிறது. போன வாரம் போனபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிற்றுக்குக் கீழே சின்னதாகக் குவியல் தொடங்கியிருந்தது. அண்ணன் சிரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.